நான்கு சென்டிமீட்டரும் பெரகலைச் சந்தியும்

சின்னம்மா ஸ்கேன் எடுத்து வந்த அன்று லயத்து இஸ்தோப்பில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். கவருக்குள் கையகலத்தில் பளபளப்பான தாள்கள் மூன்று, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பக்கம். எக்ஸ்ரே பார்த்த பழக்கத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் ஒரு தாளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். அது ஒளி ஊடுருவுகிற ஃபிலிம் அல்ல, வெறும் தெர்மல் தாள். வெயிலில் பிடித்தாலும் விளக்கில் பிடித்தாலும் ஒன்றுதான். ஆனாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “வெள்ளையா ஒண்ணு இருக்கு” என்றார். அவர் சொன்னது சரி. வெள்ளையாக ஒன்று இருந்தது.

பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லைக்குக் கீழே சரிவில் இருக்கும் ஒரு தோட்டம் அது. சின்னம்மாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிறது என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்து மருந்துக்கு அடங்கவில்லை. துண்டு எழுதிக் கொடுத்தார்கள்; போய் ஸ்கேன் எடுத்தார். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். அங்கே ஒருவர் சிங்களத்தில் ஏதோ விளக்கியிருக்கிறார். சின்னம்மாவுக்கு விளங்கியது ‘கெடியக்’ என்ற ஒரே சொல். கட்டி.

“கேன்சரா தம்பி?”

நான் கொழும்பில் ஸ்கேன் அறையொன்றில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: வலது சிறுநீரகத்தின் மேல்முனையில் 2.3 சென்டிமீட்டர் அளவில் ஹைப்பர்எக்கோயிக் லீஷன், ஆஞ்சியோமயோலிப்போமாவாக இருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும். அந்த நீண்ட பெயரின் வாலில் இருந்த ‘ஓமா’வைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பேத்தி கூகுளில் தேடி, கார்சினோமா வரைக்கும் போய் வந்திருந்தாள். ‘ஓமா’ என்பதற்குக் கட்டி என்பதற்கு மேல் பொருள் இல்லை. கெட்ட கட்டிக்கும் அதே வால், சாதுவான கட்டிக்கும் அதே வால்.

இன்னொரு பயமும் இருந்தது. ஊவாவில் ‘கிட்னி’ என்றாலே ஜனங்களுக்கு நினைவு வருவது இதே பதுளை மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் கிராந்துருகோட்டே. காரணம் இன்னதென்று உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக இருக்கும் விவசாயப் பிரதேசம் அது. அந்த நோய் வேறு, இந்தக் கட்டி வேறு. அங்கே சிறுநீரகம் முழுவதும் மெல்லச் சுருங்கித் தன் வேலையை விடுகிறது. இங்கே நன்றாக வேலை செய்கிற சிறுநீரகத்தின் ஓரத்தில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பயமும் ஒரே கவருக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

பெயரைப் பிரித்தாலே ஆஞ்சியோமயோலிப்போமா என்ன என்பது தெரிந்துவிடும். இரத்தக்குழாய், மென்தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி. சிறுநீரகத்தில் வரும் தீங்கற்ற குழாய்க் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். நடுவயதுப் பெண்களிடம் கூடுதல். பெரும்பாலும் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாக அகப்படும். சின்னம்மாவின் விலா வலிக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். முப்பது வருடம் தலைப்பட்டியில் கூடையைத் தொங்கவிட்டுச் சரிவில் நின்ற உடம்புக்கு வலிக்க ஆயிரம் காரணம் உண்டு.

உடம்பில் வரும் பெரும்பாலான கட்டிகளை இன்னதென்று சொல்ல ஒரு துண்டு வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டி அப்படியில்லை. கத்தியும் ஊசியும் படாமல், படத்தை மட்டும் பார்த்து இன்னதென்று சொல்லிவிடலாம். அதற்கு உதவுவது கொழுப்பு. ‘கொழுப்பு இருக்கிறது’ என்று டொக்டர் சொன்னால் நோயாளி நிம்மதியடைய வேண்டிய இடம் மருத்துவத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அல்ட்ராசவுண்டில் இது ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? ஒலி அலை ஒருவகைத் திசுவிலிருந்து இன்னொருவகைத் திசுவுக்குள் நுழையும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் எதிரொலிக்கிறது. சாதாரணத் திசுவில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் போகும். கொழுப்பில் 1450 அளவில்தான். கொழுப்பும் தசையும் குழாயும் பின்னிப் பிணைந்த கட்டிக்குள் இத்தகைய எல்லைகள் எண்ணற்றவை. ஒவ்வொன்றும் எதிரொலி அனுப்ப, திரையில் கட்டி பளிச்சென்று வெளுத்துத் தெரிகிறது. சுற்றியுள்ள சிறுநீரகம் சாம்பல் நிறம். யார் கண்ணுக்கும் படும், இஸ்தோப்பில் நின்றவர் கண்ணுக்குப் பட்டதுபோல.

சிக்கல் என்னவென்றால் வெள்ளை என்பது மட்டும் போதாது. 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அல்ட்ராசவுண்டில் இதேபோல வெள்ளையாகத் தெரியும். கட்டிக்குப் பின்னால் நிழல் விழுகிறதா, ஓரத்தில் கருவளையம் இருக்கிறதா, உள்ளே சின்ன நீர்ப்பைகள் இருக்கின்றனவா என்றெல்லாம் அனுபவசாலிகள் பார்ப்பார்கள். நிழல் இருந்தால் ஆஞ்சியோமயோலிப்போமா பக்கம் மனம் சாயும். கருவளையமும் நீர்ப்பையும் இருந்தால் சந்தேகம் மறுபக்கம் போகும். ஆனால் அந்தச் சாய்வை நம்பி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அறிக்கையில் ‘இருக்கலாம்’ என்று எழுதியவர் கோழையல்லர், நேர்மையானவர். அந்த ‘இருக்கலாம்’ நோயாளியின் காதில் என்னவாக விழும் என்பதுதான் அவர் யோசிக்காதது.

சி.டி. ஸ்கேன் இந்த வழக்கை எண்ணால் தீர்க்கிறது. அதைக் கண்டுபிடித்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் டொக்டரல்ல, இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினியர். 1971 அக்டோபர் 1 ஆம் திகதி லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலை அவருடைய இயந்திரத்துக்குள் போனது. 1979 இல் ஆலன் கோர்மாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். எக்ஸ்ரே கதிரை எந்தப் பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதை அளக்கும் அளவுகோல் அவர் பெயரிலேயே இருக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. இரத்தமும் தசையும் பூச்சியத்துக்கு மேலே நிற்கும். கொழுப்பு மட்டும் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 100 அளவில் கிடக்கும்.

திரையில் மௌஸை வைத்துக் கட்டிக்குள் ஒரு சின்ன வட்டம் போடுவோம். ஓரத்தில் ஓர் எண் வரும். மைனஸ் 10 அல்லது அதற்கும் கீழே இருந்தால் உள்ளே கொழுப்பு இருக்கிறது என்று பொருள். மைனஸ் 60 என்று வந்தால் அறையில் இருப்பவர்களின் தோள் சற்று இறங்கும். அந்த ஓர் எண்ணுக்காக எத்தனையோ பேர் சிறுநீரகத்தை இழக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கொழுப்பைக் காண்பதற்கு நரம்பில் சாயம் ஏற்றவும் தேவையில்லை. சாயம் ஏற்றாத படத்திலேயே தெரியும். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

விதிவிலக்கும் உண்டு. சில புற்றுநோய்களிலும் அபூர்வமாகக் கொழுப்பு இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவும் கூடவே இருக்கும். கொழுப்போடு சுண்ணாம்பும் தெரிந்தால் நிம்மதிப் பெருமூச்சை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

எப்படி எடுத்தோம் என்பதும் முக்கியம். தடிப்பான துண்டுகளாகப் படம் எடுத்தால் கொஞ்சக் கொழுப்பு சுற்றியுள்ள தசையோடு சேர்ந்து சராசரியாகி மறைந்துபோகும். கூடை நிறையக் கொழுந்தில் நாலைந்து முற்றல் இலை கிடந்தால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. மடுவத்தில் சாக்கை விரித்து மெல்லப் பரப்பினால் கணக்கப்பிள்ளையின் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்துப் பார்ப்பதும் அப்படிப் பரப்புவதுதான்.

எம்.ஆர்.ஐ. இன்னொரு வழியில் கொழுப்பைக் காட்டுகிறது. காந்தப் புலத்துக்குள் தண்ணீரின் ஹைட்ரஜனும் கொழுப்பின் ஹைட்ரஜனும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை, 1.5 டெஸ்லா இயந்திரத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 220 சுற்று வித்தியாசம். ஆகவே இரண்டும் ஒரு கணம் ஒத்துப்போகும், அடுத்த கணம் எதிரெதிராக நிற்கும். எதிரெதிராக நிற்கும் கணத்தில் படம் எடுத்தால், கொழுப்பும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒரு கருங்கோடு விழும். கட்டியைச் சுற்றி யாரோ பேனாவால் வரைந்தது போலிருக்கும். அதற்கு ‘இந்திய மைக் கோடு’ என்றே பெயர். அந்த மை சீனாவிலிருந்து வந்தது என்பது வேறு கதை. இது படத்தின் பிழைதான். ஆனால் கொழுப்பு இருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி குறைவு. உயிரணுக்களுக்குள் நுண்ணிய கொழுப்பு வைத்திருக்கும் புற்றுநோயும் இத்தகைய படத்தில் மொத்தமாக மங்கும் என்பதால், கொழுப்பின் ஒளியை மட்டும் அணைத்து எடுக்கும் படத்தையும் பக்கத்தில் வைத்தே முடிவு சொல்வார்கள்.

படம் கைவிடும் இடங்களும் இருக்கின்றன. ஆஞ்சியோமயோலிப்போமாக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தில், படத்தில் தெரியும் அளவுக்குக் கொழுப்பு இருக்காது. அப்போது அதைப் புற்றுநோயிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. ஹீமாஞ்சியோமா என்ற வெறும் குழாய்க் கட்டி அதைவிடக் கடினம். சிறுநீரகத்தில் அதை விர்ஹோ 1867 இலேயே எழுதிவைத்தார். அபூர்வமானது, பல நேரம் சில மில்லிமீட்டர்தான். சிறுநீர் சுரந்து வடியும் கூம்பின் நுனியில் ஒளிந்துகொண்டு, வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் கலக்க வைக்கும். சாயம் ஏற்றிய படத்தில் பெரியது தெரியும், ஆனால் புற்றுநோயைப் போலவே ஒளிரும். 2009 இல் மோண்ட்கோமரியும் எப்ஸ்டைனும் விவரித்த ஒரு வகை, முற்றிலும் செயலிழந்த சிறுநீரகங்களில் அடிக்கடி காணப்படுவது, அதுவும் அப்படித்தான். சிறுநீரகத்தை வெட்டி எடுத்த பிறகு அது தீங்கற்றது என்று பத்தாலஜி அறிக்கை வரும். நல்ல செய்திதான். சிறுநீரகம் போன பிறகு வந்த நல்ல செய்தி.

ஆஞ்சியோமயோலிப்போமா புற்றுநோயல்ல என்றால் ஏன் அதைப் பின்தொடர வேண்டும்? அதன் இரத்தக்குழாய்களால்தான். ஆரோக்கியமான தமனியின் சுவரில் மீள்தன்மையுள்ள ஒரு படலம் உண்டு. இதயத்தின் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து சுருங்கும். இந்தக் கட்டியின் குழாய்களில் அந்தப் படலம் சரியாக இருப்பதில்லை. தடித்த, முறுக்கிய, பலவீனமான குழாய்கள். சில இடங்களில் பலூன்போலப் புடைத்துக்கொள்ளும். அது வெடித்தால் இரத்தம் வெளியே வராது. வயிற்றுக்குப் பின்னால், சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள இடத்தில் தேங்கும். கார்ல் வுண்டர்லிக் 1856 இல் எழுதிய நோய்க்குறி இது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. திடீர் விலா வலி, தடவினால் ஒரு வீக்கம், பிறகு வியர்த்துக் கொட்டி நாடி தளர்ந்து விழுவது. லயத்தில் அதை வாய்வுப் பிடிப்பு என்பார்கள், ஓமத் தண்ணி காய்ச்சுவார்கள். அந்த அரை மணி நேரம்தான் மிகவும் விலையுயர்ந்தது.

எந்தக் கட்டி வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? 1986 இல் ஓஸ்டர்லிங்கும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து 4 சென்டிமீட்டர் என்ற எல்லை பாடநூல்களுக்குள் வந்தது. அதற்குக் குறைந்தால் காத்திருக்கலாம், கூடினால் யோசிக்க வேண்டும். 2002 இல் ஜப்பானில் யமகாடோ குழுவினர் கட்டியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே இருக்கும் குழாய்ப் புடைப்பு 5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் அபாயம் அதிகம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு 4 ஐத் தாண்டியும் வெடிக்காமல் இருந்த கட்டிகள் ஏராளம் என்பது தெரிந்து, அந்த எல்லையைக் கொஞ்சம் தளர்த்துகிறவர்களே இப்போது கூடுதல். பெரும்பாலானவை மெல்லத்தான் வளரும். பல வளர்வதே இல்லை.

இந்த எண்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. 4 சென்டிமீட்டர் என்பது கட்டியின் அளவு. வெடித்தால் என்ன ஆகும் என்பது கட்டியை மட்டும் பொறுத்ததல்ல, அந்த உடம்பு எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

சின்னம்மாவின் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே தோட்டத்துப் பாதையில் கல்லும் குழியுமாக இறங்கி ஏற வேண்டும். அங்கிருந்து ஏ4 ரோட்டில் வளைந்து வளைந்து பெரகலைச் சந்தி. மழைக்காலத்து இரவில் அந்தச் சந்தியில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லொறியின் பின்விளக்கு மட்டும்தான் வழிகாட்டி. பிறகு ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல தாண்டி பதுளைப் பெரியாஸ்பத்திரி. 2016 இல் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் பெரிய உதவிதான்; அதுவும் தார் ரோடு உள்ள இடம் வரைதான் வேகமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மலை வழுக்கும். 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை, இதே ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணில் புதைந்தவர்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழை பிடித்தால் இங்கே ரோடு என்பது உத்தரவாதமில்லாத பொருள்.

வெடித்த குழாயை அடைக்க இன்று வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, கட்டிக்குப் போகும் கிளையை மட்டும் தேடிப்பிடித்து, நுண்துகளோ சுருள்கம்பியோ செலுத்தி அடைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் வலியும் வரலாம், சிறுநீரகம் தப்பிக்கும். ஆனால் அதைச் செய்யும் கைகளும் இயந்திரமும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. கொழும்பில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் 4 சென்டிமீட்டரும் இந்தச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் 4 சென்டிமீட்டரும் ஒரே அளவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இது என்னுடைய உணர்ச்சிவசம் மட்டுமல்ல. ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி, முன்கூட்டியே சிகிச்சை செய்ய யோசிக்க வேண்டியவர்களில் பெரிய கட்டி உள்ளவர்களையும் பிள்ளைப்பேற்று வயதில் இருக்கும் பெண்களையும் சொல்லிவிட்டு, தொடர்ந்து கண்காணிக்கவோ அவசர சிகிச்சைக்குப் போய்ச் சேரவோ வசதி போதாதவர்களையும் சேர்க்கிறது. கர்ப்பகாலத்தில் இக்கட்டி வளரவும் வெடிக்கவும் கூடும் என்பதால் இரண்டாவது. மூன்றாவது யாருக்காக எழுதப்பட்டதோ தெரியாது, ஹல்துமுல்லைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. ஆனால் ஸ்கேன் அறிக்கையில் பெயர் இருக்கும், வயது இருக்கும், ஆணா பெண்ணா என்பது இருக்கும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கும் கட்டம் எங்கும் இல்லை. நான் வேலை செய்த காலத்தில் நானும் கேட்டதில்லை.

இந்தக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தனியாக வருவதில்லை. டியூபரஸ் ஸ்க்ளெரோசிஸ் என்ற மரபணு நோயோடு சேர்ந்து வரும். அப்படி வந்தால் இரண்டு சிறுநீரகத்திலும் பலவாக, இளவயதிலேயே, வேகமாக வளரும். அதன் அடையாளங்கள் ஸ்கேனுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிபவை: சிறுவயதிலேயே வலிப்பு, தோலில் இலை வடிவத்தில் வெளிறிய தேமல், மூக்கின் இருபுறமும் பரு போன்ற சின்னச் சின்ன முடிச்சுகள். வலிப்புக்கு மந்திரிப்பார்கள், தேமலுக்கு மஞ்சள் பூசுவார்கள், முகத்து முடிச்சை வயதுப் பரு என்பார்கள். மூன்றும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் அந்தப் பிள்ளையின் சிறுநீரகத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பதே நல்லது.

இந்த வகைக்கு மருந்து உண்டு, அதற்கொரு கதையும் உண்டு. 1964 இல் கனடாவிலிருந்து போன குழுவொன்று பசிபிக் கடல் நடுவே ஈஸ்டர் தீவில் மண் மாதிரி எடுத்து வந்தது. மொன்ட்ரியலில் ஆயர்ஸ்ட் ஆய்வகத்தில் அந்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து ராப்பாமைசினைப் பிரித்தெடுத்தவர் சுரேன் செகல். பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஆய்வகத்தை மூடியபோது நுண்ணுயிரைக் கொட்டிவிடாமல் வீட்டு ஃப்ரீஸரில் வைத்துக் காப்பாற்றினார். 1999 இல் அது மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் மருந்தாயிற்று. அதன் உறவுக்கார மருந்தான எவரோலிமஸ், டியூபரஸ் ஸ்க்ளெரோசிஸோடு வரும் சிறுநீரகக் கட்டியைச் சுருக்கும் என்று 2012 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். விலையோ தோட்டத்துச் சம்பளத்தை வைத்துப் பேசக்கூடியதல்ல.

மொழி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன், 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் உடற்கூற்று நூல் தமிழில் வந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் தீவில் உடம்பின் உள்ளுறுப்புகளைத் தமிழில் படித்து டொக்டரானவர்கள் இருந்தார்கள். சின்னம்மாவின் கையில் இருந்த தாளில் தமிழ் ஒரு சொல்லும் இல்லை. நான் அந்தத் தாளின் பின்பக்கத்தில் பால்பொயின்ட் பேனையால் எழுதிக் கொடுத்தேன்: கொழுப்புக் கட்டி, கேன்சர் இல்லை, வருசத்துக்கொருக்கா அளந்து பார்க்கணும், திடீர்னு விலா வலியோட வேர்த்தா காத்திருக்காம பதுளைக்குப் போகணும். சி.டி. எடுத்து மைனஸ் எண்ணைப் பார்த்த பிறகுதான் அந்த முதல் இரண்டு வரியை எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன முறை போயிருந்தபோது அடுத்த வருடத்து அல்ட்ராசவுண்ட் வந்திருந்தது. கவர் பிஸ்கட் டின்னுக்குள், அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும். 2.4 என்று போட்டிருந்தது. “வளந்திருச்சா?” என்றார். அளவெடுக்கும் கை மாறினால் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையும், இதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது என்றேன். பிரட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டே கணக்குப் போட்டார்.

“அப்ப நாலுக்கு இன்னும் ஒண்ணரைக்கு மேல இருக்கு. அதுக்குள்ள நம்ம ரோட்ட போட்டுக் குடுத்துருவாங்களா தம்பி?”